இரண்டரையை உடைக்க மறுத்தவர்

புதுச் சாக்பீஸால் எழுதினால் கரும்பலகையில் கிறீச்சென்று கத்தும். அதனால் எழுதும் முன் அதை இரண்டாக ஒடித்துக்கொள்வது வாத்தியார்களின் பழக்கம். எனக்கும் உண்டு. சின்னமனூரில் நான் கணக்கு டீச்சராக இருந்த நடுநிலைப் பள்ளியில், நான் அப்படி ஒடிக்கும்போதெல்லாம் வகுப்பு வாசலில் விளக்குமாறோடு நிற்கும் ஒருவரின் முகம் சுருங்கும். யாரோ தன் சுண்டுவிரலை மடக்கிவிட்ட மாதிரி. நல்லா இருக்கதை எதுக்கு டீச்சர் ஒடைக்கிறீக என்று ஒருநாள் கேட்டேவிட்டார். கத்துதே அக்கா என்றேன். கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும், அதற்காக ஒடைப்பார்களா என்று முணுமுணுத்தபடி பெருக்கப் போய்விட்டார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் சின்னமனூரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். பாதிப் பேர் என்று எழுதியதற்கும் கோபித்துக்கொள்வார். தெரிந்தால் எல்லாருக்கும் தெரியட்டும், இல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியவேண்டாம் என்பதுதான் அவர் கட்சி.

எங்கள் பள்ளியில் தற்காலிகமாகத் துப்புரவு வேலை பார்த்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் டீச்சர் என்பார். ஆசிரியர் அறைக்குக் கடையிலிருந்து டீ வாங்கி வருவதும் அவர்தான். மூன்று பேர் இருந்தால் இரண்டு டீயை மூன்றாக்கிக் குடிப்பது எங்கள் வழக்கம். எல்லா ஊர்க் கடையிலும் உள்ளதுதான். இவர் ஒருநாளும் அப்படி வாங்கி வந்ததில்லை. மூன்று பேருக்கு மூன்று டீ, ததும்பத் ததும்ப வரும். இரண்டை மூன்றாக்கச் சொன்னோமே அக்கா என்றால், கடைக்காரர் மறந்துவிட்டார் என்பார். கடைக்காரர் மேல் இத்தனை மறதியை ஏற்றிய ஆளை நான் பார்த்ததில்லை.

சொந்தக்காரர் தோட்டத்து வாழைப்பழம் நன்றாக இருக்கும் என்று ஒருமுறை சொன்னார். எனக்கு ஒரு சீப்பு கொடுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் பள்ளி வாசலில் ஒரு முழுத் தார் சாத்தி வைத்திருந்தது. நான் பழனிசெட்டிபட்டிக்கு பஸ்ஸில் போகிறவள். கண்டக்டர் என்னையும் தாரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து தெரு முழுக்கக் கொடுத்துத் தீர்த்தேன். ஒரு சீப்பை அறுத்துத் தர என்ன கேடு என்று அடுத்த நாள் சண்டைக்குப் போனால், அறுத்தால் தார் மொண்ணையாகப் போகுமே என்று எனக்கே பாடம் சொன்னார்.

கொரோனா முடிந்து பள்ளி திறந்த வருஷம், அலுவலக உதவியாளராக இருந்த பெரியவர் ஓய்வு பெற்றார். நிரந்தர வேலை, அரசு சம்பளம். எட்டாவது தேறியிருந்தால் போதும். அக்கா ஆறாவதோடு நின்றவர். எங்கள் பள்ளியின் தாளாளர் தேனி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவர், கறாரான மனிதர், ஆனால் நியாயஸ்தர். அவர் அக்காவைக் கூப்பிட்டு, தனியாகப் பரீட்சை எழுதி எட்டாவதை முடித்துவிடு, ஒரு வருஷம் அந்த இடத்தில் யாரையும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அக்காவின் கணவர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து முதுகில் அடிபட்டதிலிருந்து வீட்டோடு இருந்தார். அக்காவின் தற்காலிகச் சம்பளம் அவருடைய மருந்துக்கே பற்றாது. அதனால் அந்த எட்டாவது என்பது அக்காவுக்குப் படிப்பு சமாச்சாரம் இல்லை, வயிற்றுப்பாடு. தமிழ், அறிவியல் எல்லாம் தானே படித்துக்கொள்வதாகச் சொன்னார். கணக்கு மட்டும் என் தலையில் விழுந்தது.

நீண்ட மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் ஆறாம் வகுப்பு அறையில் பாடம் நடக்கும். கையைக் கழுவிவிட்டு, சேலையை உதறிச் சொருகிக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் முதல் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவார். எனக்குப் பொறுமை கம்மி. பிள்ளைகளிடமே கம்மி. பெரியவர்களிடம் கேட்கவே வேண்டாம்.

சமன்பாட்டில் வரும் எக்ஸை அவர் மரியாதையோடுதான் பேசுவார். "எக்ஸ் இங்கன தனியா நிக்கிறாக," என்பார். அது ஒரு எண் அக்கா, ஆள் இல்லை என்றேன். யாரென்று தெரியாதவரை அவன் இவன் என்று எப்படிப் பேசுவது, வெளியே வந்தபிறகு சின்னவரா பெரியவரா என்று பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. இன்றைக்கும் வகுப்பில் எக்ஸ் கண்டுபிடி என்று சொல்லும்போது, கண்டுபிடிங்க என்று வாயில் வந்துவிடுகிறது.

பின்னத்துக்கு வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. இரண்டரை போன்றவை கலப்பு பின்னம். அதைப் பெருக்கவோ வகுக்கவோ வேண்டுமானால் முதலில் தகா பின்னமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டரை என்றால் ஐந்து அரைகள். அதனால் ஐந்தின் கீழ் இரண்டு. இதைச் சொல்லி, பலகையில் எழுதியும் காட்டினேன். அக்கா எழுதவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"ரெண்டு முழுசா இருக்குல டீச்சர். அத எதுக்கு ஒடைக்கணும்?"

அப்போதுதான் கணக்கு வரும் என்றேன். உடைக்காமல் போட்டுப் பார்க்கிறேன் என்றார். சரி போடுங்கள், முட்டிக்கொண்டு வாருங்கள் என்று விட்டேன். இரண்டரையோடு மூன்றேகாலைக் கூட்டச் சொன்னேன். முழுசுகளை ஒரு பக்கம் சேர்த்தார், ஐந்து. துண்டுகளை ஒரு பக்கம் சேர்த்தார், முக்கால். ஐந்தேமுக்கால், சரிதான். கழித்தலில் மாட்டுவார் என்று ஐந்தேகாலிலிருந்து இரண்டேமுக்காலைக் கழிக்கச் சொன்னேன். காலிலிருந்து முக்கால் போகாது, ஐந்தில் ஒன்றை உடைத்தே ஆகவேண்டும். அவர் உடைக்கவில்லை. இரண்டேமுக்காலில் நின்றுகொண்டு, கால் போட்டால் மூன்று, இன்னும் இரண்டு போட்டால் ஐந்து, அதன்மேல் ஒரு கால், ஆக இரண்டரை என்று ஏறியே போய்விட்டார். அதுவும் சரி. இந்த இரண்டுக்கும் புத்தகத்திலேயே இப்படி வழி உண்டு, அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்த மிதப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெருக்கலில் முட்டினார். இரண்டரையை மூன்றரையால் பெருக்கு என்றால், இரண்டு மூன்று ஆறு, அரையும் அரையும் பெருக்கினால் கால், ஆக ஆறேகால் என்று எழுதினார். தப்பு என்றேன். எப்படித் தப்பு என்றார். உடைத்துப் போட்டுக் காட்டினேன், எட்டேமுக்கால் வந்தது. நீங்க ஒடைச்சதுல ஏதோ கூடிப்போச்சு டீச்சர் என்றார் கூசாமல். கட்டம் போட்டுக் காட்டினேன், பாய் அளந்து காட்டினேன். ம்ஹூம். ஒரு வாரம் எங்கள் இருவருக்கும் ஆறேகாலில்தான் பொழுது போனது.

அந்தச் சமயத்தில் கம்பத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வாசலில் நின்ற பெண்வீட்டார் எங்கள் வீட்டுப் பெரியவர்களை வாங்க வாங்க என்று கேட்டார்கள். பிள்ளைகளைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். என் பேரனை ஒரு வார்த்தை வா என்று கேட்க நாதியில்லை என்று என் அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டார். எங்கள் பக்கத்தில் மாலை போடாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள், வாங்க என்று கேட்காவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேசமாட்டார்கள். திங்கட்கிழமை இதை அக்காவிடம் சொல்லி, இதெல்லாம் ஒரு கோபமா என்று புலம்பினேன். அக்கா அத்தை பக்கம் சாய்ந்துவிட்டார்.

"பெறகு? பெரியாளுக பெரியாளுகளக் கேட்டாப் போதுமா? இவுக வீட்டுப் பெரியாளுதேன் அவுக வீட்டுச் சின்னதையும் கேக்கணும். அதுதேன் முறை."

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. சாக்பீஸை எடுத்தேன், ஒடிக்காமல். பலகையில் இந்தப் பக்கம் ஒரு வீடு, அதில் இரண்டு பெரியவர், ஒரு அரை. அந்தப் பக்கம் ஒரு வீடு, மூன்று பெரியவர், ஒரு அரை. பெரியவர்கள் பெரியவர்களைக் கேட்டாயிற்று, ஆறு. சின்னது சின்னதைக் கேட்டாயிற்று, கால். இந்த வீட்டுப் பெரியவர்கள் அந்த வீட்டுச் சின்னதைக் கேட்டார்களா அக்கா என்றேன். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். இரண்டுக்கும் அரைக்கும் ஒன்று. மூன்றுக்கும் அரைக்கும் ஒன்றரை. கீழே கோடு போட்டு எல்லாவற்றையும் கூட்டினார். எட்டேமுக்கால்.

"ரெண்டரைப் பேர வாங்கன்னு கேக்காம விட்டுட்டேனே டீச்சர்," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நானும் நோண்டிப் பார்த்தேன். அவர் பிறந்தது சுருளிப்பட்டி. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்து, கிணற்றை எட்டுப் பங்கு போட்டு, மோட்டாருக்கு முறை வைத்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஆகா, இதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். கெக்கலித்துச் சிரித்துவிட்டார். பாகத்தில் தனக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்கவில்லை, அவர்கள் சுவர் வைத்தால் என்ன, கோபுரம் வைத்தால் என்ன என்றார். சின்ன வயதிலேயே அப்படித்தானாம். ஒரு தோசையைப் பிய்த்துப் பாதியைத் தங்கைக்குக் கொடு என்றால், முழுசையும் கொடுத்துவிட்டு அழுதுகொண்டிருப்பாராம். அதற்குமேல் காரணம் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறை.

வகுத்தல்தான் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கை. அங்கே எந்தக் கல்யாண வீடும் உதவாது. இரண்டரை எக்ஸ், எட்டேமுக்காலுக்குச் சமம், எக்ஸ் எவ்வளவு என்று எழுதிவிட்டு, இப்போது என்ன செய்வீர்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் பார்த்தார். அந்த அரைக்கு ஒரு ஜோடி கொண்டுவந்தால் முழுசாகிவிடும் இல்லையா என்று இழுத்தார். இந்தப் பக்கம் இரண்டு மடங்கு ஆக்கினால் அந்தப் பக்கமும் ஆக்கவேண்டும் அக்கா என்றேன். அதற்கென்ன, அவர்களுக்கும் வையுங்கள் என்றார். ஐந்து எக்ஸ், பதினேழரைக்குச் சமம். பதினைந்தை ஐந்தால் பிரித்தால் மூன்று, பாக்கி இரண்டரையைப் பிரித்தால் அரை. எக்ஸ் மூன்றரை. இதற்கும் புத்தகத்தில் வழி உண்டு, நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனாலும் இந்த மனுஷி உடைக்காமலே தப்பித்துக்கொண்டே இருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

முதல் பரீட்சையை அப்படியே எழுதினார். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார். கணக்கில் ஆறு மதிப்பெண்ணில் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்டால், போட்ட கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெருக்கலுக்கும் இரண்டு வீடு வரைந்து, எல்லாரையும் எல்லாரும் வாங்க என்று கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கடைசி இரண்டு பக்கக் கேள்விகளை அவர் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு நான் கத்திவிட்டேன். உடைத்துப் போட்டிருந்தால் மூன்று வரியில் முடிந்திருக்குமே, வீட்டில் படுத்திருக்கிற மனிதரை நினைத்துப் பார்த்தீர்களா, ஐந்தின் கீழ் இரண்டு என்று எழுதினால் உங்கள் இரண்டரை செத்தா போய்விடும் என்று என்னென்னவோ கேட்டேன். அவர் பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சாகாது டீச்சர். அஞ்சு துண்டாக் கெடக்கும். முழுசா நின்ன ரெண்டு எதுன்னு அதுக்கே தெரியாது."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரத்துக்குப் பாடத்துக்கு வரவில்லை. என் வகுப்பைப் பெருக்கினார், டீ வாங்கிவந்தார், முழு டீதான். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா?

தாளாளர் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். அந்த வேலைக்கு நாலைந்து பேர் வந்து கேட்டுவிட்டார்கள், அவருடைய சொந்தத்திலேயே ஒரு பையன் இருக்கிறான். அடுத்த பரீட்சை முடிவு வரும்வரை தாக்குப்பிடிப்பேன், அதற்குமேல் என்னால் ஆகாது டீச்சர் என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கொடுத்த வாக்குக்கு மேலேயே பொறுத்துவிட்டார். நான் இதை அக்காவிடம் சொல்லப் போனால், தாளாளர் அவரிடமும் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் பாடத்துக்கு வந்தார். கையைக் கழுவிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "ஒடைக்கச் சொல்லித் தாங்க டீச்சர்," என்றார். கணவரை மறுபடி மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்களாம்.

சொல்லிக்கொடுத்தேன். உடைக்கத் துணிந்த பிறகு இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். கீழே உள்ளதால் முழுசைப் பெருக்கு, மேலே உள்ளதைக் கூட்டு, முடிந்தது. பெருக்கல், வகுத்தல், சமன்பாடு எல்லாம் மளமளவென்று வந்தன. ஆனால் ஒவ்வொன்றை உடைக்கும்போதும் அவர் உதடு எதையோ முணுமுணுக்கும். மன்னிப்புக் கேட்கிறாரா, திட்டுகிறாரா, தெரியவில்லை. திட்டினால் என்னைத்தான் திட்டியிருப்பார். இத்தனை நாள் சண்டை போட்டு நான் கேட்டதைச் சாதித்துவிட்டேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. அந்த அறையில் முன்பிருந்த சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

இரண்டாவது பரீட்சை தேனியில் நடந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பரீட்சை மையத்துக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். அரை நாள் லீவு என்று அவரிடம் சொல்லவில்லை, முழு நாள் என்று பொய் சொன்னேன். மணி அடித்தது. இளசுகளும் கிழடுகளுமாக எல்லாரும் வந்துவிட்டார்கள். இவரைக் காணோம். கதவைச் சாத்தப்போகிற நேரத்தில் கடைசி ஆளாக வந்தார். மறுபடியும் வீடு வரைந்து, மறுபடியும் நேரம் பற்றாமல் போய்விட்டதா? எல்லாக் கணக்கையும் போட்டாயிற்றா அக்கா என்றேன். போட்டாயிற்று என்றார். உடைத்தீர்களா என்று கேட்டேன். சின்னமனூர் பஸ் வந்திருச்சு டீச்சர் என்று முன்னால் நடந்துவிட்டார். பஸ்ஸில் நான் பேசவில்லை. பழனிசெட்டிபட்டியில் இறங்கும்போதுகூட வருகிறேன் என்று சொல்லாமல் இறங்கினேன். முடிவு வரும்வரை ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தேறிவிட்டார். கணக்கில் நாற்பத்தொன்று. அந்த வாரமே தாளாளர் கையெழுத்துப் போட்டு ஆணையைக் கொடுத்தார். அக்கா ஆசிரியர் அறைக்கு வந்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். எனக்குச் சர்க்கரை உண்டு, பாதி போதும் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு முழுசாக வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் வகுப்புக்குப் போனதும், இப்போதாவது சொல்லுங்கள், அன்றைக்கு உடைத்தீர்களா இல்லையா, ஏன் கடைசியாக வந்தீர்கள் என்று பிடித்துக்கொண்டேன்.

அக்கா லட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"ஒடைச்சேன் டீச்சர். நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும் ஒடைச்சேன். அர மணி முந்தியே முடிஞ்சிருச்சு. ஆனா அதுகள அப்பிடியே போட்டுட்டு எந்திரிக்க மனசு கேக்கல. மொதப் பக்கத்துல இருந்து வந்து, ஒடைச்சது ஒவ்வொண்ணையும் ஓரத்துல திரும்பச் சேத்து எழுதி வச்சேன். ஒண்ணு விடாம முழுசாக்கிப்புட்டுத்தேன் பேப்பரக் குடுத்தேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் பயந்த குரலில், "தப்பா டீச்சர்? அதுக்கு மார்க்கக் கொறச்சிருப்பாகளா?" என்று கேட்டார்.

இல்லைக்கா என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த ஒரு வார்த்தையையே என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.